எசெத்தா, எசெக்கா

“அந்தத் தீவுக்காரன் மொத்தப் பேரையும் லாரி வச்சிக் கூட்டியாந்தாலும் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு ரொம்புமா எஸ்தரு? அந்தப் பாஷையப் படிச்சிட்டு யார்கிட்டப் போய்ப் பேசப் போற நீ?” என்று என் பெரியப்பா கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல், கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிற அவர், அங்கே ஆபீசில் எனக்கு ஒரு வேலைக்குச் சொல்லிவைத்து, அது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் ஆற்காட்டு மக்கன்பேடா வாங்கிக்கொண்டு வேலூருக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். அதே வாரத்தில்தான் மைசூரில் மொழியியல் ஆராய்ச்சிக்கு எனக்கு இடம் கிடைத்த செய்தியும் வந்திருந்தது. அங்கே சேர வேண்டியதும் அந்தத் திங்கட்கிழமை தொடங்குகிற வாரமே. நான் ஆராயப் போவதாகச் சொல்லியிருந்தது சமோவா மொழியை. பசிபிக் பெருங்கடலின் நடுவில், உலக உருண்டையைத் திருப்பிப் பார்த்தால் நமக்கு ஏறக்குறைய முதுகுப் பக்கமாக வருகிற தீவுகளின் மொழி அது.

அவர் கேட்டபோது நான் வாசற்படிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். “உட்காருடி, எனக்குத் தல சுத்துது” என்றாள் அம்மா. எனக்கு உட்கார வராது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கும் நடந்துகொண்டேதான் படித்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அந்தப் பரீட்சை எழுதியதில்லை என்பதால், உட்கார்ந்து படி என்று சொல்லவும் ஆளில்லை. பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்ததில் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல், கல்லூரிக்குப் போனதிலும் நான்தான் முதல். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் இத்தனை படித்தும் பெரியப்பாவின் கேள்விக்கு ஒரே மூச்சில் சொல்கிற பதில் என்னிடம் இல்லை. இருக்கிற பதில் ஒரு கோடை விடுமுறை நீளத்துக்கு இருக்கிறது, அது பினாயில் வாசத்தில் தொடங்குகிறது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற சந்துகளில் இருப்பவையெல்லாம் லாட்ஜுகள்தான். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் அங்கேயே மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துச் சமைப்பார்கள். கடைப் பலகைகளில் தமிழைவிட வங்காளி எழுத்து “ஜாஸ்தி”யாக இருக்கும். அப்படி ஒரு லாட்ஜில் அம்மா அறைகளைப் பெருக்கித் துடைக்கிற வேலை செய்தாள். நாங்கள் அதன் பின்கட்டில் ஓர் அறையில் குடியிருந்தோம். அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் ஈரத்தோல் சுமக்கிறவர். சாயங்காலம் அவர் வந்ததும் பினாயில் வாசத்தின் மேல் ஈரத்தோல் வாசம் வந்து உட்காரும், மாடியிலிருந்து கடுகெண்ணெயில் மீன் வறுபடுகிற வாசம் இறங்கிவரும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வீட்டு வாசம்.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த லீவில் இரண்டாம் மாடிக் கோடி அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, என் வயசில் ஒரு பெண். அந்த அப்பா வாசலில் நின்றால் நடையில் வெளிச்சம் வராது, அவ்வளவு ஆகிருதி. நம் ஊர் நிறம்தான், ஆனால் நம் ஊர் முகம் இல்லை. இடுப்பில் லுங்கி மாதிரி ஒரு பூப்போட்ட துணி. அந்த அம்மாவுக்கு இருதயத்தில் வால்வு கெட்டிருந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு அவர்கள் பக்கம் வேலைக்குப் போன டாக்டர் ஒருவர் சொல்லி, விமானம் மாறி மாறி வந்திருந்தார்கள். லாட்ஜ் மேனேஜர் பாய் ஊர்ப் பெயரைச் சொன்னபோது “சமோவா” என்றுதான் சொன்னார். சந்து முழுக்க அது “சமோசா”வாகத்தான் போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் அவர்கள் “சமோசாக்காரங்க”தான்.

பெண்ணின் பெயர் மெலே. முதல் நாளே என் பெயரைக் கேட்டாள். எஸ்தர் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது, ஏனென்றால் எஸ்தரை அவர்களும் பைபிளில் வைத்திருக்கிறார்கள், அவர்கள் ஊர் வாயில் அது “எசெக்கா.” அன்றிலிருந்து நான் எசெக்கா ஆனேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் கொஞ்சம் இருந்தது, அவளுக்கு என்னைவிடச் சற்றுக் கூட. அது தீர்ந்துபோகிற இடங்களில் கை, கால், கண். இப்படியே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் நான் அவளுக்குத் தமிழும் அவள் எனக்கு அவள் மொழியும் சொல்லிக்கொடுத்தோம். விளையாட்டில் வந்து ஒட்டிக்கொண்ட சொற்கள்தான் எல்லாம். “சௌ” என்றால் வா. “அலு” என்றால் போ. ஒரு வாரத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

இந்த இரண்டு சொற்களால் வந்த வினையைச் சொல்லியாக வேண்டும். மெலேயின் அப்பாவுக்குக் கோயில் மணி மாதிரிக் குரல். விடிந்ததும் மாடியில் விளையாடிக்கொண்டிருக்கும் மகளை ஜெபத்துக்கோ சாப்பாட்டுக்கோ நடையில் நின்று கூப்பிடுவார்: “மெலே! சௌ! சௌ!” பக்கத்து அறையில் போளூரிலிருந்து வந்த அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் கணவருக்கும் இருதய ஆபரேஷன். நாள் குறித்துவிட்டு, கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அவள் காதில் அந்தக் கூப்பாடு எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விடிந்தால் சாவு, பொழுது சாய்ந்தால் சாவு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மேனேஜர் பாயிடம் அழுதுவிட்டாள். என் வீட்டுக்காரர் மூஞ்சியில் ரத்தமே இல்லை, ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை, ஒன்று அவர்கள் காலி பண்ணட்டும், இல்லையென்றால் நாங்கள் பண்ணுகிறோம் என்றாள். பாய் மேல்விஷாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற நல்ல மனிதர். “நானும் கேட்டேன்மா, எனக்கே பேஜாராத்தான் கீது” என்று சொல்லி, மறுநாளே சமோசாக்காரர்களை அனுப்பிவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அம்மா துடைத்துக்கொண்டிருந்த நடையில்தான் இதெல்லாம் நடந்தது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தவள், விட்டுவிட்டு முன்னால் வந்தேன். அது சாவு இல்லை, “வா”ன்னு கூப்பிடுகிறார் என்றேன். “நீ இன்னா, அந்த ஊரு கலெக்டரா?” என்றார் பாய். எனக்கு வாதாடத் தெரியவில்லை. நடைக் கோடியில் போய் நின்று “மெலே, சௌ!” என்று கத்தினேன். அறையிலிருந்து மெலே ஓடிவந்தாள். “அலு!” என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் திரும்பி ஓடினாள். மறுபடி சௌ, மறுபடி அலு. விஷயம் பிடிபட்டதோ இல்லையோ, அடுத்த தடவை போலீஸ்காரர் மாதிரிக் கால் தூக்கி நடந்துவந்து நின்றாள். பாய் தானும் சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டார், ஆனால் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை, இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிவிட்டு, மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில் “சாவு...ம்மா” என்றார். மெலே அவர் முன்னால் போய் நின்று தலை குனிந்தாள்.

“வான்னா சாவாம், போன்னா அழுவாம்” என்றார் பாய். “யா அல்லா, இன்னா பாஷ இது.”

போளூர் அக்கா அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த அறை காலியாகவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றுக்காக பெரியவர்கள் முடிவை மாற்றிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய எந்த மார்க்கும் எனக்கு அப்படி ஒரு நிமிர்வைக் கொடுத்ததில்லை.

ஆபரேஷன் அன்று காலை, கணவரை அழைத்துக்கொண்டு படியிறங்கும்போது அக்கா என்னைக் கூப்பிட்டு, அவர்கள் பாஷையில் “போய்ட்டு வா” என்று எப்படிச் சொல்வது என்று ஆசையாகக் கேட்டாள். எனக்குத் தெரியும். மெலே கடைக்குப் போகும்போதெல்லாம் அவள் அப்பா சொல்லுகிறதுதான்: போ என்பதற்கு “அலு”, திரும்பி வா என்பதற்கு “கோஎ சௌ.” வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் அது நம் ஊர்க் காதில் எப்படி விழும் என்று எனக்கு உறைத்தது. அழு, கோ, சாவு. “அது மட்டும் வேணாங்க்கா” என்றேன். ஏன் என்று கேட்க வாயெடுத்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள் போலிருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வாரமாகச் சிரிக்காத அந்த மனிதரும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். மெலேயின் அப்பா வந்து அவர் தோளில் கை வைத்து, “மனுயா” என்றார். ஆசீர்வாதம் என்று அதற்குப் பொருள். அந்தச் சொல்லில் யாருக்கும் சங்கடம் இல்லை. அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். பின்னால் மெலேயின் அம்மாவும்.

இந்தக் கதையைத்தான் எங்கள் சந்தில் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். என்னை உட்காரவிடாமல் செய்தது வேறொன்று.

சமோவாக்காரர்கள் சாயங்காலம் தவறாமல் குடும்ப ஜெபம் வைப்பார்கள். எங்களுடையதும் வேதக்காரக் குடும்பம் என்பதால் அம்மாவையும் என்னையும் ஒருநாள் உட்காரச் சொன்னார்கள். பாட்டு மெட்டு எங்கள் சபையில் பாடுகிறதுதான், அம்மா தமிழிலேயே கூடப் பாடினாள். ஆனால் மெலேயின் அப்பா ஜெபம் சொல்லத் தொடங்கியதும் எனக்குத் திகைப்பாக இருந்தது. எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாமே அதில் இருந்தன, ஒன்றுகூடச் சரியாக இல்லை. நான் “க” என்று கற்றிருந்த இடத்தில் எல்லாம் அவர் “த” என்றார். நன்றிக்கு நாங்கள் மாடியில் சொல்வது “ஃபாஅஃபெக்காய்.” அவர் கடவுளிடம் சொன்னது “ஃபாஅஃபெத்தாய்.” ஜெபம் முடிந்து அவர் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தபோது, நான் எனக்குத் தெரிந்தபடி கணீரென்று “ஃபாஅஃபெக்காய்” என்றேன். அந்தப் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. மெலே பாயில் குப்புற விழுந்து சிரித்தாள். அவள் அம்மா கைவிசிறியால் அவள் முதுகில் ஒன்று வைத்தாள், எனக்கு இதைக் கற்றுக்கொடுத்ததற்கு.

மறுநாள் மாடியில் மெலே எனக்கு இங்கிலீஷில் விளக்கினாள்: சர்ச்சில் “த”, வீட்டில் “க.” பள்ளிக்கூடத்தில் “த”, சண்டையில் “க.” எனக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் பாஸ்டர் பிரசங்க மேடையில் “ஆண்டவரே, உம்முடைய சமுகத்தில் நிற்கிறோம்” என்பார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அம்மாவைப் பார்த்து “இன்னாம்மா லில்லி, நல்லா கீறியா” என்பார். அந்த “இன்னா”வை வகுப்பில் சொன்னதற்காகத் தமிழ் டீச்சர் என்னை ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்திருக்கிறார். கொச்சை என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். வீட்டில் “என்ன” என்று சொன்னால் அப்பா “யார்ரா இது, ரேடியோவா” என்பார். இரண்டு வாயை வைத்துக்கொண்டு எந்த வாசலில் எதைத் திறப்பது என்று ஓயாமல் கணக்குப் போடுகிற பிள்ளை நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு ஊரே அப்படி இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதிலிருந்து நாங்கள் ஒரு விளையாட்டு உண்டாக்கினோம். மாடித் தரையில் கரியால் பாண்டிக் கட்டம். இடப்பக்கக் கட்டங்கள் சர்ச், வலப்பக்கக் கட்டங்கள் வீடு. நொண்டிக்கொண்டே எண்ண வேண்டும், இடப்பக்கம் கால் விழுந்தால் “தசி, லுவா, தொலு”, வலப்பக்கம் விழுந்தால் “கசி, லுவா, கொலு.” அவள் முறை வரும்போது தமிழில்: இடப்பக்கம் “என்ன”, வலப்பக்கம் “இன்னா”, இடப்பக்கம் “போய்விட்டான்”, வலப்பக்கம் “போய்ட்டான்.” கால் ஒரு பக்கம் நாக்கு மறுபக்கம் போனால் அவுட். வேலை முடிந்து வந்த அப்பா ஒருநாள் மாடிப்படியில் நின்று இதைக் கேட்டுவிட்டு, மூன்றுக்கு அவர்கள் “தொலு” என்கிறார்கள் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். அத்தனை கடல் தாண்டிப் போனாலும் தோலு விடாது போல, என்றார். அதுவே வீட்டுக்குள் கொலுவாகிவிடும் என்று நான் சொன்னபோது, அப்ப சுண்டல் தருவாங்களா கேளு என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் இது முக்கியமாகிறது. அம்மா குத்துக்காலிட்டு நடையைத் துடைக்கும்போது அவளைத் தாண்டிப் போகிறவர்கள் யாரும் நின்றதில்லை. ஈரத்தில் செருப்புத் தடம் பதித்துப் போய்விடுவார்கள். மெலே மட்டும் அப்படிப் போனதில்லை. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தை நிமிர்ந்து கடப்பது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவு. இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, “துலோ” என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மாவைக் கடந்து போவாள். அம்மாவுக்கு அது என்ன சொல் என்று தெரியாது. ஆனால் அந்தப் பெண் வருகிற சத்தம் கேட்டால் கலைந்த தலையை ஒதுக்கிக்கொள்வாள்.

அவர்கள் கிளம்பிய நாளில் ஆட்டோ சந்துக்குள் வந்து நின்றது. மேனேஜர் பாய், அம்மா, நான் எல்லாரும் வாசலில். மெலே புதுச் சட்டை போட்டு, காதோரம் பூ வைத்திருந்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் நிற்க, என் முன்னால் வந்து, நேராக நின்று, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்: “தோஃபா, எசெத்தா.”

போய் வருகிறேன், எசெத்தா.

ஒரு கோடை முழுக்க எசெக்கா என்று கூப்பிட்டவள். மாடியில் அவளோடு கரி பூசிக்கொண்டவளுக்கு, வாசலில் நின்றபோது ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டது. ஆட்டோ திரும்பும்போது கை ஆட்டினேன். அன்றைக்கு என் மனசில் பட்டது ஒன்றுதான்: இவள் என்னை வெளியே நிறுத்திவிட்டாள்.

கல்லூரியில் மொழியியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்த நாளிலேயே நான் நூலகத்துக்குப் போய்த் தேடியது இதைத்தான். கிடைத்தது. அந்த ஊர்க்காரர்களே “த” பேச்சை நல்ல பேச்சு என்கிறார்கள், “க” பேச்சைக் கெட்ட பேச்சு என்கிறார்கள். தீவுக்குத் தீவு பேச்சு மாறுவது அங்கே குறைவு. இடத்துக்கு இடம்தான் மாறும். பைபிள், பள்ளிக்கூடம், பாட்டு, கடிதம் எல்லாம் “த.” வீடு, சந்தை, சிநேகிதம் “க.” படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். ஊர்ச் சபையில் தலைவர்கள் கூடி, வம்சப் பெருமை சொல்லி, சடங்குச் சொற்பொழிவு ஆற்றுகிறார்களே, அந்த மிகப் பெரிய பேச்சும் “க”வில்தான் நடக்கிறது. கெட்ட பேச்சு என்று பெயர் வைத்துவிட்டு, ஊரின் தலையாய காரியத்துக்கு அதைத்தான் எடுக்கிறார்கள். தமிழ் டீச்சரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்போல இருந்தது. இன்னோர் இடத்தில், சபையில் பேசும் உரிமையுள்ள பெரியவர்களை வருக என்று அழைக்க மரியாதைச் சொல் ஒன்று தனியாக இருப்பதையும், அதே சொல்லே மரியாதையாகச் சொல்லும்போது சாவையும் குறிக்கும் என்பதையும் படித்தேன். நடையில் நாங்கள் சிரித்துத் தீர்த்தது அந்த மொழிக்கு உள்ளேயே வேறொரு சொல்லில் உட்கார்ந்திருக்கிறது.

என் எழுத்துக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. “த”வில் வெளியாட்களிடம் பேசுவார்கள் என்று புத்தகம் சொல்கிறது. “த”வில்தான் கடவுளிடம் பேசுவார்கள் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. அம்மாவைக் கடக்கும்போது மெலே சொன்ன “துலோ”விலும் “த”தான் இருந்தது. மாடியில் ஒளிந்து விளையாடும்போது என் முன்னால் குறுக்கே ஓடினால் வேண்டுமென்றே “குலோ” என்று சொல்லிக் கண்ணடிப்பாள். அப்படியானால் வாசலில் எனக்குக் கிடைத்தது அந்நியருக்கான எழுத்தா, அம்மாவுக்குக் கிடைத்த எழுத்தா?

ஆறு மாதமாக நான் சனிக்கிழமைக் காலைகளில் ஒரு வகுப்பில் இருக்கிறேன். நியூசிலாந்தில், ஆக்லாந்தில் சமோவாக்காரர்கள் ஏராளம். அங்கே பிறந்து மொழியைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காக அவர்கள் திருச்சபை ஒன்று இணையத்தில் நடத்துகிற வகுப்பு. அவர்களுக்கு நடுவில் வேலூரிலிருந்து ஒருத்தி. பாடம் முழுக்க “த.” பாடம் எடுக்கிற டீச்சரம்மாவிடம் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் இந்தக் கதையைச் சொன்னேன். அப்பா பக்கத்தில் நிற்கும்போது நல்ல பிள்ளை அப்படித்தான் சொல்லும் என்றார், பிறகு, உன்னை வெளியாளாக நினைத்திருக்கவும் கூடும் என்றார். அந்தப் பெண்ணைத்தான் கேட்க வேண்டும், இல்லையென்றால் எங்களோடு இருந்து, ஆயிரம் வாசலில் ஆயிரம் பேர் விடைபெறுவதைக் கேட்டு நீயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். ஆனால் ஒன்று, வெளியாள் எடுத்த எடுப்பில் “க” பேசினால் எங்களில் சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம் வரும்; நீ “த”விலேயே இரு, அது பத்திரம் என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

நான் செய்யப்போகிற ஆராய்ச்சி இதுதான். யார், எந்த வாசலில், யாரிடம், எந்த எழுத்தை மாற்றுகிறார்கள் என்பது. சமோவாக்காரர்களிடமும், எங்கள் ஊரிலும்.

மக்கன்பேடா டப்பாவுக்கு முன்னால் இவ்வளவையும் நான் பெரியப்பாவுக்குச் சொல்லவில்லை. சொன்னது அம்மாதான், அதுவும் நான் எதிர்பார்க்காத ஒன்றை. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், பெரியப்பாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

“மாமா, அந்த லாட்ஜில நான் பதினாலு வருசம் தொடச்சேன். எனக்குக் குனிஞ்சி போனது அந்தப் பொண்ணு ஒருத்திதான். அப்டி ஒரு பாஷன்னா எம் பொண்ணு போய்ப் படிக்கட்டும்.”

பெரியப்பா ஒரு பேடாவை எடுத்து, பாதி பிட்டு, மீதியை டப்பாவிலேயே வைத்தார். கம்பெனி வேலை எல்லாருக்கும் கிடைக்காது, திங்கட்கிழமை வரைக்கும் யாரும் அங்கே ஒன்றும் சொல்லிவிட வேண்டாம், பிள்ளை யோசிக்கட்டும் என்றார். அப்பா, வாசலில் கழுவி வைத்திருந்த என் பழைய பையின் ஜிப்பைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, சிக்கிக்கொண்ட பல்லில் மெழுகுவத்தி தேய்த்தார்.

போன வாரம் அந்தச் சந்துக்குப் போனேன். லாட்ஜ் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி முகப்பும் லிஃப்டும் வைத்த ஒரு கட்டடம் நிற்கிறது. மாடிக்குப் போக வழி கேட்டேன், மேலே டவர் இருக்கிறது, யாரையும் விடுவதில்லை என்றார்கள். மேனேஜர் பாய் மேல்விஷாரத்தில் வீட்டோடு இருக்கிறாராம். வரவேற்பில் இருந்த பையன் வங்காளிக் குடும்பம் ஒன்றிடம் கைப்பேசியை நீட்டினான். அவர்கள் அதில் பேச, அது தமிழில் சொல்லியது, அவன் தலையாட்டினான். நடையில் யாரும் யாரையும் தப்பாகக் கேட்க வழியே இல்லை. வெளியே வந்து என் கைப்பேசியில் அதே செயலியில் சமோவாவைத் தேர்ந்தெடுத்து, நன்றி என்று சொல்லிப் பார்த்தேன். சுத்தமான “த”வில் பதில் வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதே “த.” மெலே வீட்டுப் பேச்சு அதற்குத் தெரியாது. அதற்கு வீடு கிடையாது.

இதை எழுதிக்கொண்டிருப்பது இன்று திங்கட்கிழமை, காட்பாடியில் ஏறிய பெங்களூர் வண்டியில். பெட்டி முழுக்கக் கம்பெனிப் பெண்கள். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னிக்கொண்டு. ஆம்பூர் வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்பது ஜன்னலில் தெரிந்தது. பெரியப்பா அந்தக் கூட்டத்தில் எங்கோ இருப்பார், அவரிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன், சரி என்று மட்டும் சொன்னார். எதிர் சீட்டு அக்கா இறங்கப் போனவள் என்னைப் பார்த்து நின்றாள்.

“இன்னா, எறங்கலையா?”

“இல்லக்கா. நான் மைசூரு.”

பெட்டி காலியாகிவிட்டது. நான் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஆக்லாந்து வகுப்பில் இந்த வாரம் ஒவ்வொருவரும் தன்னைத் தானே அறிமுகம் செய்து குரல் பதிவு அனுப்ப வேண்டும், மற்றவர்களுடையதெல்லாம் வந்துவிட்டது, எல்லாம் “த.” வண்டி நகர்ந்து வேகம் எடுத்தது. கைப்பேசியை வாயருகே வைத்து, என் பெயர் இது என்று அவர்கள் மொழியில் சொன்னேன்: “ஒ லோஉ இஙோவா ஒ எசெக்கா.” காற்றுச் சத்தம் கொஞ்சம் சேர்ந்துவிட்டது, இரண்டாம் தடவை பதியவில்லை. வாணியம்பாடி வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.